சொந்த 'டிராக்' என்றால் சும்மாவா?

ஆடி பிறந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். ராத்திரி பாட்டுக் கச்சேரி!

முன்பெல்லாம் மேடையில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். தபேலா, டிரம்ஸ், கிதார் என்று அமர்க்களப்படும். இப்போது ஒரு பாடகர், ஒரு பாடகி, ஒரு லேப்டாப். பின்னணி இசை முழுவதும் 'டிராக்'கில் வந்து விடுகிறது. வாசித்துப் பிழைத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது தனிக் கதை.

இந்த டிராக்கைப் பலர் வீட்டிலேயே கீபோர்டில் வாசித்துத் தயாரிக்கிறார்கள். "நாங்களே வாசிச்சது சார், யாருக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?" என்கிறார்கள்.

சிக்கலே அங்கேதான்.

ஒரு சினிமாப் பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. இன்னொன்று மெட்டும் பாட்டு வரியும். சொந்தமாக வாசித்தால் முதல் உரிமையைத் தொடவில்லை. அவ்வளவுதான்! மெட்டு இன்னொருவருடையது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அதைப் பதிவு செய்யவும், பொது மேடையில் பாடவும் அனுமதி வேண்டும். ஒரிஜினல் பாட்டில் குரலை மட்டும் நீக்கி டிராக் ஆக்கினால் இரண்டு உரிமையும் குறுக்கே நிற்கும்.

பாடியவரே ஆனாலும் இதுதான் கதி. 2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. அந்தப் பாட்டுகளை ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்த குரலே அவருடையது! ஆனாலும் அந்தச் சுற்றுப்பயணத்தில் இளையராஜா பாட்டுகளைப் பாடப் போவதில்லை என்று அறிவித்தார். 2019-ல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தது ரசிகர்களின் அதிர்ஷ்டம்.

சட்டத்தில் சலுகையும் இருக்கிறது. மதச் சடங்கு, கல்யாணம், கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் பாட உரிமைக் கட்டணம் வேண்டாம். 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மறுபடியும் அறிவித்தது. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் பாடினாலும் விலக்கு உண்டு. ஆனால் முன்பணம் வாங்கிப் பாடுகிற குழு அமெச்சூர் ஆகுமா? கூழ் ஊற்றி முடிந்து, ராத்திரி 9 மணிக்குப் பாடுகிற குத்துப்பாட்டு சடங்கில் சேருமா? கோர்ட்டுக்குப் போனால்தான் தெரியும்.

பாட மட்டும் என்றால், ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்திடம் லைசென்ஸ் வாங்கலாம். சங்கத்தில் இல்லாதவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். டிராக் தயாரிப்பதற்குத்தான் வழி இல்லை. மறு பதிவுக்கான பிரிவில், ஒரு பாட்டுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 ஆயிரம் பிரதிக்கு ராயல்டி கட்டச் சொல்கிறார்கள். கேசட் கம்பெனியை மனதில் வைத்து எழுதிய சட்டம்! பம்மலில் ஒருவர் ஒரே ஒரு பிரதி எடுத்து பென் டிரைவில் வைத்திருக்கிறார். 50 ஆயிரத்துக்கு அவர் எங்கே போவார்?

அதற்காக மெட்டுப் போட்டவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பதில்லை. பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் ராயல்டி உரிமையை இழக்காதபடி 2012-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நியாயமான திருத்தம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் கொடுக்கிற மாதிரி தொகை இருக்க வேண்டாமா? மேடை டிராக்குக்கு என்று தனியாக, ஒரு கச்சேரிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்க வேண்டும். சங்கங்களும் தாம்பரம் பக்கம் ஆள் அனுப்பி, குழுக்களைக் கூப்பிட்டு விவரம் சொல்ல வேண்டும். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது எத்தனை குழுக்களுக்குத் தெரியும்?

அதுவரை, கச்சேரிக்கு முன்பணம் கைமாறும்போதே உரிமைக் கட்டணம் யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதிக்கொள்வது நல்லது. மண்டபக்காரரும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். லாபத்துக்கு இடம் விட்டவர் மீதும் சட்டம் பாயும்.