தாமதமாகவே வரட்டும்

சென்னையிலிருந்து துபாய்க்குப் போகும் எமிரேட்ஸ் 777-ல் இறக்கையை ஒட்டிய ஜன்னல் இருக்கை கிடைத்தால் நான் தூங்குவதில்லை. ஓடுபாதையில் வேகம் பிடிக்கப் பிடிக்க, இறக்கையின் நுனி மெல்ல மேலே எழும். சக்கரம் தரையை விட்டதும் மொத்தப் பாரமும் அதன் தலையில். இன்னும் கொஞ்சம் வளையும். எத்தனை முறை வளைத்துப் பார்த்துவிட்டு இதை நம்மிடம் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த 777-களில் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. அவற்றின் இடத்துக்கு வரவேண்டியது போயிங் 777-9. தரையில் இறக்கை நுனியை மடக்கிக்கொள்ளும் பெரிய விமானம். 2013 துபாய் விமானக் கண்காட்சியில் எமிரேட்ஸ், இது இடம்பெறும் 777எக்ஸ் குடும்பத்தில் ஒரே மூச்சில் 150 விமானங்களை வாங்கிக்கொள்வதாகக் கைகொடுத்தது. 2020-ல் வரும் என்றார்கள். இப்போது 2027 என்கிறார்கள்.

வேறு வழியும் அதிகமில்லை. ஒருகாலத்தில் இரண்டு என்ஜின் விமானம், அவசரத்துக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது விமான நிலையம் இருக்கும் வழியில்தான் பறக்க வேண்டும். கடல் தாண்ட நான்கு என்ஜின் 747 அரசாண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1985-ல் அமெரிக்கா அந்த வரம்பை இரண்டு மணி நேரமாகத் தளர்த்தியது. பிறகு இன்னும் தளர்ந்தது. இரண்டு என்ஜினே போதும் என்றானபின் நான்குக்கு யார் எரிபொருள் ஊற்றுவார்கள்? ஏர்பஸின் நான்கு என்ஜின் ஏ380, 251 விமானங்களோடு நின்றது. 1,574-வது 747-ஐ 2023 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டுப் போயிங்கும் அந்தக் கணக்கை முடித்தது. 777-9-க்காகக் காத்திருக்கும் லுஃப்தான்சா, ஓரங்கட்டி வைத்திருந்த ஏ380-களை 2023-ல் மறுபடி பறக்கவிட்டது.

விமான நிறுவனங்களின் கோபம் நியாயமானது. எமிரேட்ஸின் டிம் கிளார்க் அதை ஒளிக்காமல் சொல்லியும் வருகிறார். ஆனாலும் தாமதம் எதனால் என்று பாருங்கள். 2019 செப்டம்பரில் ஒரு 777எக்ஸ் உடலைத் தரையில் கட்டிவைத்து இறக்கைகளை மேலே வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும். அந்த இலக்கைத் தொட ஒரு சதவீதம் இருக்கையில் உடல் கிழிந்தது. 2024 ஆகஸ்டில் சோதனைப் பறப்பு முடிந்து ஹவாயில் இறங்கிய விமானத்தில், என்ஜினின் உந்துவிசையை விமானத்துக்குக் கடத்தும் இணைப்புத் தண்டு சேதமாகியிருந்தது. மற்ற சோதனை விமானங்களிலும் விரிசல். எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள்.

பயணி யாரும் ஏறாத விமானத்தில் இவை தெரியவந்தது நம் அதிர்ஷ்டம். 737 மேக்ஸில் அப்படி நடக்கவில்லை. ஒற்றை உணரியின் பேச்சைக் கேட்டு மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருளோடு அதற்குச் சான்றிதழ் கிடைத்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில், மொத்தம் 346 உயிர்கள் போயின. இன்றைய கெடுபிடிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பழைய விமானம் என்று முகம் சுளிக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இருக்கைகளையும் உட்புறத் தகடுகளையும் கழற்றி, எலும்புக்கூடு வரை பார்த்துத்தான் அதைத் திரும்பப் பறக்கவிடுகிறார்கள். 777-9-ஐச் சோதிப்பவர்களிடம் ஒரு பயணியாக என் வேண்டுகோள் இதுதான்: இன்னும் ஓராண்டு ஆனாலும் ஆகட்டும், ஒரு திருகைக்கூட அவசரத்தில் முடுக்காதீர்கள்.