மக்குப் பிள்ளையா?

காதால் கேட்ட கதையை அப்படியே ஒப்பிக்கும் பிள்ளை, எழுத்தைக் கண்டால் விழிக்கிறது. "சோம்பேறி!" என்று முதுகில் அறை விழுகிறது. அறைந்தால் எழுத்து ஏறுமா? அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்கிறது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

ஆகவே, பெற்றோர் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகவே கேட்க வேண்டும். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். ஆசிரியர் மாறினால் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். தமிழ்நாட்டில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் அணுகலாம்.

சான்றிதழ் வாங்கினால் பெண்ணின் கல்யாணம் தடைப்படுமாம். அதற்காக ஒளிப்பவர்களும் உண்டு! தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்க அந்தச் சான்றிதழே ஆதாரம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முதல் வாரம் ஓடிப் பெறுகிற காரியமல்ல அது.