விளக்கை அணைப்பது வைத்தியம் ஆகாது

பள்ளிக்கூடத்தில் நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அதனால் சில சொற்கள் இன்றும் அந்த பாஷையிலேயே மனதில் வரும். காரின் டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குக்கு அதில் 'வ்வாயான்' என்று பெயர். குறி சொல்பவரையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு 'பப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி. போன மாதம் இந்தக் குறிகாரரும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்கள்.

விழுப்புரத்தில் ஒரு கருமாதிக்காக நானும் வீட்டம்மாவும் புதுச்சேரியிலிருந்து கிளம்பினோம். வில்லியனூர் தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 30-க்கு மேல் போகவில்லை. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஓரம் கட்டுவதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

தப்பு என் மேலும்தான். அந்த விளக்கு மூன்று வாரமாக விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை ஸ்கேனரைச் செருகி அணைத்துக் கொடுத்தார்கள், தடவைக்கு 500 ரூபாய். "என்ன கோளாறு?" என்று நான் கேட்கவே இல்லை. "லைட் போச்சா?" என்றுதான் கேட்டேன். மூன்றாம் தடவை, "த்ராட்டில் பாடியே மாத்தணும் சார், 22,000 ஆகும்" என்றார்கள்.

பழைய கார்களில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி போய்த் தகட்டை இழுக்கும். இப்போது கம்பி கிடையாது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பெடலில் உள்ள சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது சொன்னபடி ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திறக்கும். பெடலிலும் த்ராட்டிலிலும் இரண்டிரண்டு சென்சார்கள், ஒன்றுக்கு ஒன்று சாட்சி. இரண்டு சாட்சியும் வேறு வேறு சொன்னால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாது. வேகத்தைக் குறைத்து, வண்டியை ஊர்ந்து போக மட்டும் விடும். அன்று நடந்தது அதுதான். ஏன் அப்படிச் செய்தது என்பதையும் ஒரு எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும்.

என் வண்டியில் இருந்த எண் பி2135. சாட்சிகள் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். எந்த சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. இதை எனக்கு விளக்கியவர் தெரிந்த ஒரு மெக்கானிக் தம்பி. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்து, த்ராட்டிலுக்குப் போகும் சாக்கெட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதைக் காட்டினார். கடற்கரை ஊர், உப்புக் காற்று. சுத்தம் செய்து மாட்டினார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆகவே என் கட்சி இது: ஸ்கேனர் போட்டுக் காசு வாங்குகிற எந்த ஒர்க்‌ஷாப்பும் அந்த எண்ணை பில்லில் எழுதித் தர வேண்டும். அழிப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். ஆபீசில் காரணம் எழுதாமல் 'முடிக்கப்பட்டது' என்று கட்டி வைத்த ஃபைல்கள் எத்தனை தடவை என் மேஜைக்கே திரும்பி வந்தன என்று எனக்குத்தான் தெரியும். நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நாலு நாளில் காட்டலாம். அதுவே கண் சிமிட்டினால் மெதுவாக ஓரம் கட்டுங்கள். பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைப் பொசுக்கிவிடும். சிவப்பில் ஆயில் கேன் படமோ வெப்பமானி படமோ வந்தால் அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்ட வேண்டாம்.

போன வாரம் மாப்பிள்ளைக்காக ஒரு பழைய கார் பார்க்கப் போனோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை திருப்பினேன். எல்லா விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டும் அல்லவா, எஞ்சின் விளக்கு மட்டும் எரியவே இல்லை. "அது எப்பவுமே அப்படித்தான் சார், வண்டியில ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் விற்பவர். டீ சொல்லியிருந்தார். குடிக்காமலே எழுந்து வந்துவிட்டோம்.