சைலன்சருக்கு செராமிக் கோட்டிங்: காசை எங்கே போடுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை ஸ்கூல் வானில் அனுப்புகின்ற பெற்றோரும் கடைசி வரை வாசியுங்கள்.

கார் பொடிக்கு செராமிக் கோட்டிங் அடிக்கும் பழக்கம் நமது ஊர்களுக்கு வந்து சில காலமாகிறது. இப்போது அது வண்டிக்குக் கீழேயும் இறங்கிவிட்டது. "சைலன்சருக்கும் அடிச்சா துருப்பிடிக்காதாம், பெற்றோலும் மிச்சமாம், உண்மையா சேர்?" என்று நம்மிடம் படித்த தம்பிமார் கேட்கிறார்கள். நமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை சரியாகச் செய்யப்பட்டால் செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான். ஆனால் நமது ஊரில் ஓடுகிற பெரும்பாலான வாகனங்களுக்கு அது முதல் செலவும் அல்ல, இரண்டாவது செலவும் அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. பொடிக்குப் பூசுவது பெயின்டின் மேல் கண்ணாடி போலப் படிகிற ஒரு திரவம். அது எக்ஸோஸ்டின் சூட்டைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. எக்ஸோஸ்டுக்கு அடிப்பது வேறு வகை. குழாயைக் கழற்றி, மணல் போன்ற துகளை வேகமாக அடித்துப் பழைய துருவையும் எண்ணெயையும் முழுதாக நீக்கி, கோட்டிங்கை ஸ்ப்ரே பண்ணி, பெரும்பாலும் அவனில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். குழாயைக் கழற்றாமல், வண்டியை ஜக்கில் தூக்கி, பிரஷால் பூசித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், உங்களுக்குக் கிடைக்கப்போவது ஹீட் பெயின்ட் மட்டுமே. ஹீட் பெயின்ட் கெட்ட பொருள் இல்லை. அதை செராமிக்கின் விலைக்கு வாங்குவதுதான் பிழை.

சரி, உண்மையான கோட்டிங் என்ன செய்கிறது? வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கிறது. எஞ்சினை நன்றாக முறுக்கி ஓட்டும்போது அதன் பக்கத்தில் இருக்கும் மெனிபோல்ட் 700, 800 பாகை செல்சியஸ் வரை சூடாகலாம். அந்தச் சூடு வெளியே பரவாமல் இருந்தால் பொனட்டுக்குள் இருக்கும் வயர், ஹோஸ், ரப்பர் எல்லாம் கொஞ்சம் தப்பும். வாயுவும் சூடு குறையாமல் வேகமாக வெளியேறும். ரேஸ் ஓடுகிறவர்களுக்கும், டர்போ எஞ்சினைக் கூட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பெறுமதியான விடயம். சந்தைக்கும் ஸ்கூலுக்கும் போய்வருகிற சாதாரண காரில் இதனால் கூடுகிற சக்தியை உங்கள் கால் உணராது. பெற்றோல் மிச்சம் என்பதும் அப்படித்தான். டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே அதைவிடக் கூடுதலாக மிச்சம் பிடிக்கலாம்.

இனித் துருவுக்கு வருவோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டி வாழ்கிற நமக்கு இதுதான் உண்மையான கவலை. கடற்காற்றில் வரும் உப்பு வெளிப்பக்கத்தைத் தின்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடப்பதை நாம் பார்ப்பதில்லை.

பெற்றோலில் ஐதரசன் இருக்கிறது. அது எரியும்போது நீராவி உருவாகும். கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றர் பெற்றோல் எரிய, ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். நமது ஓட்டம் அப்படியா? வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து கடை, கடையிலிருந்து பள்ளிவாசல். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீற்றர். பின் பெட்டி சூடேறும் முன்னரே எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. எரிபொருளில் உள்ள கந்தகமும் மற்றவையும் சேர்ந்து அதை அமிலத்தன்மை உள்ளதாக்குகின்றன. பின் பெட்டி முதலில் ஓட்டை விழுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஹைபிரிட் வாகனங்களில் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் குழாய் சூடேற இன்னும் நேரமெடுக்கும்.

இப்போது யோசியுங்கள். உள்ளிருந்து அரிக்கிற பெட்டிக்கு வெளியே கோட்டிங் அடித்து என்ன பயன்? பெட்டிக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. மூடி ஒட்டிய பெட்டிக்குள் அந்த இடுக்குகளுக்கெல்லாம் கோட்டிங்கைச் சரியாகக் கொண்டுபோக முடியாது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும்.

"2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்பவும் விலையைக் கேட்டால் தலை சுற்றுது. உள்ள வண்டியைப் பாதுகாக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கட்டாயம் பாதுகாக்க வேண்டும். அதனால்தான் வண்டி எந்த இடத்தில் சாகிறதோ அந்த இடத்தில் காசைப் போடச் சொல்கிறோம். வெளிப்புற உப்புக்கு கோட்டிங் உதவும், மறுக்கவில்லை. கடற்கரைப் பக்கம் போய் வந்த நாளில், குழாய் ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவதும் உதவும். அதற்குச் செலவு இல்லை. கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே தேங்கிய தண்ணீரும் காயும்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்கின் முன் குழாய் வெளியே தெரிவதால் கோட்டிங் அழகாகத்தான் இருக்கும், மேற்பரப்பின் சூடும் கொஞ்சம் குறையும். குறைந்த சூடும் சுடுகிற சூடுதான். சின்னப் பிள்ளையை ஏற்றி இறக்கும்போது காலைக் காப்பாற்றுவது அந்தத் தகட்டுக் கவசம். அழகுக்காக அதைக் கழற்றி எறியாதீர்கள்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விடயம்.

நமது ஊரில் சைலன்சர் பளபளக்க வேண்டும் என்று காசு சேர்க்கிற வீட்டிலிருந்தே, சைலன்சர் ஓட்டையான வானில் பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறது. காலையில் கேட்டருகில் நிற்கிற ஆசிரியர்களுக்கு இது தெரியும். வான் வருவதற்கு முன்னர் அதன் சத்தம் வரும். அந்தச் சத்தம் வெறும் சத்தமல்ல. குழாயில் எங்கோ வாயு கசிகிறது என்பதன் அடையாளம் அது.

பெற்றோல் எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேரும். ஏசிக்காகக் கண்ணாடியைப் பூட்டிய வானில், தரையில் உள்ள துரு ஓட்டை வழியே அது உள்ளே வந்தால் பிள்ளைக்குத் தலையிடி, சோம்பல், வாந்தி வரும். "வானில போனா அவனுக்கு ஒத்துக்கொள்றதில்ல" என்று நாம் விட்டுவிடுகிறோம். வேகமாக மூச்சு விடுகிற சின்னப் பிள்ளைகளை அது பெரியவர்களுக்கு முன்னரே தாக்கும்.

"நம்மட டீசல் வான்தானே" என்றும் சொல்வார்கள். டீசலில் காபனோரொட்சைட்டு குறைவு என்பது உண்மை. ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இலேயே வகைப்படுத்திவிட்டது.

"புகைச் சான்றிதழ் இருக்கு" என்பதும் போதாது. அந்தப் பரிசோதனை அளப்பது குழாயின் முனையில் வருவதை. நடுவில் ஒரு ஓட்டை பிள்ளையின் சீட்டுக்குக் கீழே திறந்திருக்கிறதா என்று அது உங்களுக்குச் சொல்லாது.

ஆகவே நமது அபிப்பிராயத்தில் காசு போக வேண்டிய ஒழுங்கு இது. முதலில் கசிவு: மெனிபோல்ட் கேஸ்கட், மூட்டுகள், வெல்டிங் இடங்கள், அதோடு தரைத் தகட்டில் உள்ள ஓட்டைகள். இரண்டாவது, குழாயைத் தாங்குகிற ரப்பர்களும் கம்பிகளும்; அவை அறுந்தால் நல்ல குழாயும் ஆடி வெடிக்கும். மூன்றாவது, பின் பெட்டி முடிந்திருந்தால் அதே போன்ற மெல்லிய தகட்டுப் பெட்டியை வாங்காமல் 304 ஸ்டெயின்லஸில் செய்ய விசாரியுங்கள். அது உள்ளேயும் வெளியேயும் துருவை நன்றாகத் தாங்கும். இவ்வளவும் முடித்துக் கையில் காசு மிஞ்சினால் கோட்டிங் அடியுங்கள், நாம் குறுக்கே நிற்கவில்லை. அடிக்கக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: குழாயைக் கழற்றுவீர்களா? உட்பக்கமும் அடிப்பீர்களா? துருவை நீக்க அடித்த துகள் முழுவதையும் வெளியே எடுப்பீர்களா? மிஞ்சிய துகள் டர்போவுக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டருக்கும் கேடு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வான் வைத்திருக்கும் காக்காமாரும் நமது ஆட்கள்தான், அவர்களுடைய பிழைப்பும் இதில்தான். குற்றம் சொல்லப் போக வேண்டாம். தவணைக்கு ஒரு தடவை, ஒரு வானில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் சேர்ந்து, வண்டியை ஒரு கராஜில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி "டிக் டிக்" என்ற சத்தம் வருகிறதா கேளுங்கள். மூட்டுகளில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். பின் கதவைத் திறந்து வைத்து ஓட்ட விடாதீர்கள். புகையை அது உள்ளே இழுக்கும். திருத்தச் செலவு வந்தால் பெற்றோர் பகிர்ந்துகொள்வதில் தப்பில்லை. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பிரித்தால் யாருக்கும் பாரமாக இருக்காது.

உங்கள் பிள்ளை போகிற வானின் சத்தம் அண்மையில் மாறியிருந்தால், இந்தக் கிழமையே கேட்டுப் பாருங்கள்.