பிள்ளையின் சொல்லையும் கேளுங்கள்!

கடல் கடந்து செல்வது தமிழ் மக்களுக்குப் புதிய செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராகச் சென்றனர். உழைத்து அனுப்பினர், ஊரிலே காணி வாங்கினர், பலர் இளைப்பாறியபின் திரும்பி வந்தனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னரும், 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்த பின்னரும் படித்தவர் பலர் வெளியேறினர். 1983ஆம் ஆண்டு ஆடிக்கலவரத்தின் பின்னர் மக்கள் உயிரைக் காத்துக்கொள்ள ஓடினர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் மீட்ட செய்தியை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்.

இன்று நடைபெறும் வெளியேற்றம் வேறு வகையானது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கமக்காரன் நிலைகுலைந்தான். 2022ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தபோது மாதச் சம்பளக்காரனும் நிலைகுலைந்தான். அன்றுதொட்டு வைத்தியரும், பொறியியலாளரும், கணக்காளரும், ஆசிரியரும், வெங்காயத் தோட்டத்தை நம்பி வாழ்ந்தவரும் குடும்பத்தோடு புறப்படுகின்றனர். அவர்களோடு செல்லும் பிள்ளைகள் எல்லோரும் கைக்குழந்தைகளல்லர். பதினான்கு, பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அந்தப் பிள்ளைகளைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன், காணி விற்பனை உறுதி ஒன்று தொடர்பாக ஆலோசனை கேட்க ஒரு தந்தையார் எம்மிடம் வந்தார். பரம்பரைத் தோட்டக் காணி. நல்ல நீருள்ள கிணறும் அதில் உண்டு. விற்பது கனடாப் பயணத்துக்காக. வெளி வாங்கிலே அவருடைய மகள் புத்தகமும் கையுமாக இருந்தாள். "பிள்ளை, எப்போது பயணம்?" என்று கேட்டோம். "எனக்குத் தெரியாது ஐயா, அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள். சாதாரணதரப் பரீட்சைக்கு அப்போது நான்கு மாதங்களே இருந்தன. அப்பரீட்சைக்குத் தான் அமர்வதா இல்லையா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

அத்தந்தையாரை நாம் குறைகூறவில்லை. மகளின் நன்மைக்காகவே அவர் தம் பாட்டனார் வைத்த காணியை விற்கத் துணிந்தார். ஆயினும், ஒரு தரப்பைக் கேளாமல் அத்தரப்புக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கலாகாது என்பது நீதியின் முதற்பாடம். அயலவனோடு வேலித் தகராறு என்றால் அவன் சொல்லையும் கேட்டபின்பே மன்று தீர்ப்பளிக்கிறது. பிள்ளையின் பாடசாலை, தோழர், மொழி, எதிர்காலம் யாவற்றையும் மாற்றும் தீர்ப்பை அந்தப் பிள்ளையைக் கேளாமலே நம் வீடுகளில் எழுதிவிடுகிறோம். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய கருமங்களிலே தன் கருத்தைக் கூறப் பிள்ளைக்கு உரிமை உண்டென்றும், அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்கவேண்டுமென்றும் கூறுகிறது. இலங்கை 1991ஆம் ஆண்டிலே இச்சமவாயத்தை ஏற்றது.

பிள்ளை வேண்டாமென்றால் பயணத்தைக் கைவிடவேண்டும் என்பதன்று நமது வாதம். தீர்மானிக்கும் பொறுப்பு பெற்றோருடையதே. கேட்டபின் தீர்மானியுங்கள் என்பதே நமது வேண்டுகோள். நாற்றைப் பெயர்த்து நடுவதற்கு நாள் உண்டு. நாள் தப்பிய நாற்று வேர்கொள்ள இருமடங்கு நீரும் கவனமும் வேண்டும். இதைக் கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

முதலிலே வயதுக் கணக்கைப் பாருங்கள். கனடாவின் விதிப்படி 22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையே பொதுவாகப் பெற்றோரின் விண்ணப்பத்திற் சேரலாம். 2014ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதல் 2017ஆம் ஆண்டு ஒக்ரோபர் வரை இவ்வெல்லை 19 ஆக இருந்தது. சட்டம் ஒரே நிலையில் நிற்பதன்று என்பதற்கு இது சான்று. அவுஸ்திரேலியாவிலோ 18 வயது நிரம்பிய பிள்ளை, 23 வயதை எட்டுமுன்னர், தான் பெற்றோரிலே தங்கி வாழ்வதை நிரூபிக்கவேண்டும். பிரித்தானியாவுக்குத் தொழில் வீசாவிற் செல்வோரின் பிள்ளை முதன்முறை விண்ணப்பிக்கும்போது 18 வயதுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். அங்கே பராமரிப்பு ஊழியராகப் புதிதாக விண்ணப்பித்தோர் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லும் வழி 2024ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அடைக்கப்பட்டது. ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சில கற்கைகள் நீங்கலாக, மாணவருக்கும் அவ்வாண்டு ஜனவரி முதல் அவ்வழி இல்லை. "முதலில் நான் போகிறேன், பிறகு உங்களைக் கூப்பிடுகிறேன்" என்று புறப்படும் தந்தையரும் தாய்மாரும் இவற்றை அறியாமற் புறப்படலாகாது.

இன்னுமொன்று. கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போது, உடன் செல்லாத பிள்ளையையும் விண்ணப்பத்திலே காட்டுதல் வேண்டும். செலவு குறையும் என்று எண்ணியோ, முகவர் சொன்னார் என்றோ ஒரு பிள்ளையை மறைத்தால், பின்னர் அப்பிள்ளையைக் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாமற் போகக்கூடும். ஒரு வரியை விட்டதனால் ஒரு பிள்ளையைப் பிரிய நேர்ந்தால், அதற்கு எந்த முகவரும் பொறுப்பேற்கமாட்டார்.

அடுத்தது பாடசாலைக் கணக்கு. பதினொராம் தரத்திற் படிக்கும் பிள்ளை சாதாரணதரப் பரீட்சையை எழுதிவிட்டுச் செல்வதே நன்று. போன இடத்தில் காட்டுவதற்கு ஒரு பெறுபேறு இருக்கும். தொடங்கிய காரியத்தை முடித்தோம் என்ற மனநிறைவும் இருக்கும். உயர்தர வகுப்பின் நடுவிலே பிள்ளையை இழுத்துச் செல்வது இரு கரைக்கும் இல்லாமற் செய்வதாகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பாடசாலை ஆண்டு செப்ரெம்பரில் தொடங்குகிறது. உயர்பாடசாலைச் சான்றிதழுக்கு 30 பாட அலகுகளும், 40 மணிநேரச் சமூக சேவையும், எழுத்தறிவுத் தகுதியும் வேண்டும். இங்கே படித்த பாடங்களுக்கு எத்தனை அலகு கொடுப்பதென்பதை அங்குள்ள அதிபரே தீர்மானிப்பார். ஆகையால் விடுகைப் பத்திரம், ஒவ்வொரு தவணைத் தேர்ச்சி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை, ஆங்கில மொழிபெயர்ப்போடு, பெட்டி கட்டுமுன் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தடுப்பூசிப் பதிவைக் கொடாத மாணவரைப் பாடசாலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தவும் ஒன்ராறியோச் சட்டத்தில் இடமுண்டு.

பிரித்தானியாவில் 14 வயதுமுதல் 16 வயதுவரை நடைபெறும் இரண்டாண்டுப் பாடத்திட்டத்தின் முடிவிலே பொதுப் பரீட்சை வருகிறது. அதன் நடுவிலே சேரும் பிள்ளை, மற்றவர் ஓடிமுடித்த பாதியைத் தனியே ஓடவேண்டும். இதனினும் பெரிய இடர் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது. இங்கிலாந்திலே உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணம் பெறுவதற்குப் பொதுவாக நிரந்தர வதிவுரிமையும் மூன்றாண்டு வதிவும் வேண்டும். பதினாறு வயதிலே தொழில் வீசாக் குடும்பத்தோடு செல்லும் பிள்ளை, பதினெட்டு வயதிலே வெளிநாட்டு மாணவருக்குரிய பெருங்கட்டணத்தை எதிர்கொள்ள நேரிடும். விற்ற காணியின் பணம் விமானச் சீட்டுக்கும் வாடகைக்கும் போனபின், இக்கட்டணத்துக்கு எங்கே போவது? கனடாவிலோ நிரந்தர வதிவுரிமையோடு சென்றவரின் பிள்ளை உள்நாட்டுக் கட்டணத்திற் படிக்கலாம். எந்த நாடு என்பதைப் போலவே எந்த வீசா என்பதும் பிள்ளையின் கல்வியை நிர்ணயிக்கிறது.

சென்ற இடத்து வாழ்க்கையைப் பற்றியும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். வைத்தியம், சட்டம், ஆசிரியம் ஆகிய தொழில்களை அங்கே செய்வதற்கு அந்தந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபையின் அனுமதி வேண்டும். அது கிடைக்குமட்டும் தந்தை களஞ்சியத்திலும் தாய் தொழிற்சாலையிலும் இராவேலை செய்ய நேரலாம். ஊரிலே "சேர்" என்று மரியாதை பெற்ற தந்தை, ஆங்கிலப் படிவமொன்றை நிரப்ப மகனைக் கூப்பிடும் நாள் வரும். வீட்டுக் கடிதமும் வங்கிக் கணக்கும் வைத்தியர் சொல்வதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயாலே வீட்டுக்குள் வரும்போது, அந்தப் பிள்ளை தன் வயதை மீறிய சுமையைத் தூக்குகிறது. அதே பிள்ளை மாலையிலே "உனக்கென்ன தெரியும்?" என்ற அதட்டலையும் கேட்கிறது. தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர் சொல்லாத செய்தி இது. பெற்றோர் அங்கு நடைபெறும் மொழி வகுப்புகளிற் சேர்ந்து தம் கருமத்தைத் தாமே பார்க்கப் பழகுவது, பிள்ளைக்குச் செய்யும் பேருதவியாகும்.

பிள்ளை அங்கே போய்ச் சில மாதம் பேசாதிருந்தால் அதைத் திமிர் என்று கொள்ளலாகாது. ஊர்த் தோழரோடு தொலைபேசியிற் பேசுவதைத் தடுக்கலாகாது. தமிழை விட்டால் ஆங்கிலம் விரைவில் வரும் என்று வீட்டிலே மொழியை மாற்றும் பெற்றோரையும் கண்டிருக்கிறோம். அவ்வாறு செய்தால், புதிய மொழி வருமுன்னர் பழைய உறவு அறுந்துவிடும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச்சே இல்லாது போகும். ஒன்ராறியோவிலே தமிழை உயர்பாடசாலை அலகாகப் படிக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உயர்பாடசாலைப் பரீட்சையிலும் தமிழ் ஒரு பாடம். நம் பிள்ளைக்குச் சுமையென நாம் எண்ணும் மொழி அங்கே புள்ளி தரும் பாடமாக இருக்கிறது.

காணி பற்றியும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகாதீர்கள். திரும்பிவர ஒரு வளவு இருக்கிறது என்ற எண்ணமே பிள்ளைக்கு ஒரு பலம். விற்கத்தான் வேண்டுமெனில், தேசவழமைக்கு உட்பட்ட காணியிற் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முன்வாங்கும் உரிமை உண்டென்பதையும், 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டுமென்பதையும் மறவாதீர்கள். விற்காது விடும் தோட்டத்தை வாய்ச்சொல்லில் உறவினரிடம் ஒப்படையாதீர்கள். எழுத்திலே குத்தகை முடித்துக் கொடுங்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரித்தாளனுக்கு எதிராக இடையூறின்றிப் பத்தாண்டு ஆண்டவன் காணிக்கு உரிமை கோரலாம். குத்தகை எழுத்து உறவையும் காக்கும். நிலத்தைத் தரிசாகாமலும் காக்கும். அற்றோர்னித் தத்துவம் கொடுப்பதாயின் குறித்த கருமத்துக்கு மட்டும் கொடுங்கள்.

கள்ளப் பாதையைக் காட்டுவோரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பதைப் பற்றி நாம் நீட்டி எழுதவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு நவெம்பரில் வியட்நாமுக்கு அப்பாற் கடலிலே தத்தளித்த கப்பலிலிருந்து மீட்கப்பட்ட இலங்கையர் 303 பேர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். கனடாக் குடிவரவுக் கருமத்துக்குக் கட்டணம் வாங்க உரிமையுடையவர் அந்நாட்டு வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற அனுமதி பெற்றவரே. பணம் கொடுக்குமுன் உரிமத்தைக் கேளுங்கள்.

போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் நமக்குத் தகுதியில்லை. படித்தவனுக்கு வேலையும், உழுதவனுக்கு விலையும், இருவருக்கும் அச்சமற்ற வாழ்வும் இந்நாட்டில் உறுதியாகுமட்டும் மக்கள் போவர். அதற்கு விடை சொல்லவேண்டியவர் ஆட்சியாளர். மக்களின் பெயரால் அரசியல் நடத்தும் நாமும் அப்பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. ஆயினும் அந்த விடை வருமுன்னர் இந்த வருடமே புறப்படும் குடும்பங்கள் உள. அவர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். இன்றிரவு உணவின்பின் பிள்ளையை அருகில் இருத்துங்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம், எப்போது போகிறோம், எது கடினமாயிருக்கும் என்பவற்றைச் சொல்லுங்கள். பின்னர் பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாது கேளுங்கள்.

எம்மிடம் வந்த தந்தையார் அவ்வாறே செய்தார். பயணம் பரீட்சை முடியுமட்டும் பிற்போடப்பட்டது. மருத்துவப் பரிசோதனையின் பன்னிரண்டு மாத எல்லைக்குள் அதற்குப் போதிய நாள் இருந்தது. முன்னர் எவரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. வளவும் கிணறும் உள்ள பங்கை விற்காது வைத்தனர். மகள் கேட்டது அந்த இரண்டையுமே.