அறிமுகம் வேறு, நம்பிக்கை வேறு

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான மருந்துக் கடைக்காரர் ஒருவர், அண்மையில் ஒரு தாளைக் கையில் ஏந்தியபடி பதற்றத்துடன் வந்தார். அவருடைய கடை பிரிண்டரிலிருந்து முன்பின் அறியாத ஒருவரின் இரயில் பயணச்சீட்டு தானாகவே அச்சாகி வந்திருந்தது. "சார், என் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். கணக்கில் இருக்கும் பணம் பத்திரமா?" என்று கேட்டார்.

விசாரித்தபோது, யாரும் புகவில்லை என்பது தெரிந்தது. மருந்துக்காகக் காத்திருந்தவர், சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு கடையின் வைஃபையில் இணைந்திருக்கிறார். தம் கைப்பேசியில் 'பிரிண்ட்' என்பதைத் தவறுதலாகத் தொட்டிருக்கிறார். கைப்பேசி கண்டுகொண்ட பிரிண்டர் கடைக்காரருடையது. அவ்வளவுதான்.

ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று எவ்வாறு அறிந்துகொள்கின்றன? கூவிக் கேட்டுத்தான். "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று ஒரு கணினி வலையமைப்பிலுள்ள அனைவரையும் நோக்கிக் கேட்கும், உரிய கருவி தன் வன்பொருள் முகவரியைச் சொல்லும். 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஏஆர்பி என்னும் நெறிமுறை இது. பிரிண்டரும் தொலைக்காட்சியும் தம் பெயரையும் தாம் செய்யும் பணியையும் அறிவித்துக்கொள்ள, எம்டிஎன்எஸ் என்னும் மற்றொரு முறை உண்டு. 224.0.0.251 என்னும் பொது முகவரியில் அவ்வறிவிப்புகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.

இவ்விரு முறைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பதில் சொல்பவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இவற்றில் இல்லை. "நான்தான்" என்று எது சொன்னாலும், கேட்ட கருவி அதைக் குறித்துக்கொள்ளும். வங்கி முகப்பில் ஒருவர் வந்து "நான்தான் கணக்குதாரர்" என்று சொன்னவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்தால் என்னவாகும்?

அதற்காக இவ்வசதியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. இது இல்லையேல், ஒவ்வொரு பிரிண்டரின் முகவரியையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டி வெளியே செல்லாது. ஆகவே, குறை கூவுவதில் இல்லை. கூவல் கேட்கும் இடத்திற்குள் யாரை அனுமதிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லை விருந்தினருக்குக் கொடுக்கும் ஒரு குவளைத் தண்ணீராக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது கடையின் உள்ளறைச் சாவி.

வங்கிச் செயலிக்கும் வங்கிக்கும் இடையிலான தகவல் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. எனவே அந்த வாடிக்கையாளரின் வைப்புத் தொகைக்கு இதனால் ஆபத்து நேரவில்லை. ஆனால் அவருடைய விற்பனைக் கணக்கும், நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளும் பூட்டில்லாத பகிர்வுக் கோப்புறையில் கிடந்தன. அன்று வந்தவர் நல்லவர். நாளை வருபவரும் அவ்வாறே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

செய்ய வேண்டியவை சிலவே. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை அமைக்கும் வசதி உண்டு. வருவோருக்கு அதை மட்டும் கொடுங்கள். பில் போடும் கணினியும் பிரிண்டரும் உங்கள் சொந்த வைஃபையில் இருக்கட்டும். ரூட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியூர் விடுதியிலோ நிலையத்திலோ மடிக்கணினியை இணைக்கும்போது, விண்டோஸில் 'பொது வலையமைப்பு' என்பதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினி பிறர் கண்ணில் படாதிருக்க அது உதவும்.

இதில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு. கடைக்குக் கடன் வழங்கும்போது காப்பீடு உள்ளதா, தீயணைப்புக் கருவி உள்ளதா என்று பார்க்கிறோம். வைஃபை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதும் இனி எங்கள் வழக்கமாக வேண்டும்.

அந்த மருந்துக் கடைச் சுவரில் இப்போதும் ஒரு கடவுச்சொல் ஒட்டப்பட்டிருக்கிறது. அது விருந்தினர் வைஃபைக்கு உரியது.