படகு கரையில், பிரசங்கம் கடலில்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரம் புனித ராயப்பர் கோவிலில் மணி அடிக்கிறது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பூசைக்கு வருகிறார்கள்.

ராயப்பர் யார்? ஏசுநாதரின் முதல் சீடர்களில் ஒருவர். மீன் பிடித்துப் பிழைத்தவர். அவர் பெயரில் உள்ள கோவிலுக்கு அருகேதான் காசிமேடு மீன்பிடி துறைமுகமும் இருக்கிறது.

பூசையில் சாமியார் பைபிளில் ஒரு பகுதியை வாசிப்பார். பிறகு அதற்கு விளக்கம் சொல்வார். அதுதான் பிரசங்கம். தக்க காரணம் இல்லாமல் ஞாயிறு பூசையில் பிரசங்கத்தை விடக்கூடாது என்று வத்திக்கான் சங்கம் 1963-ம் ஆண்டிலேயே விதி செய்தது.

ஒரே பாடம்

எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பதற்கு மூன்று ஆண்டு அட்டவணை உண்டு. அது 1969-ல் நடைமுறைக்கு வந்தது. ராயபுரத்திலும் ரோமாபுரியிலும் அன்றைக்கு ஒரே பாடம்தான்.

பாடம் முன்பே தெரிவதால் பிரசங்கத்தையும் முன்பே எழுதிவிடலாம். 'நம் வாழ்வு' போன்ற கத்தோலிக்க வார இதழ்கள் அப்படி எழுதி அச்சிடுகின்றன. நல்ல தொண்டு! ஓய்வில்லாமல் உழைக்கும் சாமியாருக்கு அது ஓர் ஊன்றுகோல்.

ஆனால், ஊன்றுகோல் இருக்கிறது என்று காலை மறந்துவிடலாமா?

153 மீன்

2025 மே 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை என்ன பாடம் தெரியுமா? ஏசுநாதர் சொல்படி சீடர்கள் வலை வீசினார்கள். 153 பெரிய மீன்கள் சிக்கின என்ற பகுதி.

அன்று காசிமேட்டில் என்ன நிலை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. 2019-லும் 2022-லும் இதே பாடம், இதே தடைக்காலத்தில்தான் வந்தது.

அடுப்பு எரியுமா என்று கவலைப்படும் தாயிடம், "வலை நிறைய மீன்" என்று அச்சிட்டதை அப்படியே வாசித்தால் அவள் மனம் என்ன பாடுபடும்?

இன்னொன்று. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போயின. முன்பே எழுதி வைத்த பிரசங்கத்துக்கு அது எப்படித் தெரியும்? ஊரில் இருக்கும் சாமியாருக்குத்தான் தெரியும்.

எட்டு நிமிடம் போதும்

"கோவிலில் ஊர் விவகாரம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கட்சி பேச வேண்டியதில்லை. கஷ்டத்தைப் பேசலாம் அல்லவா? வலையும் படகும் பைபிளிலேயே இருக்கின்றனவே!

பிரசங்கம் நீள வேண்டும் என்பதும் இல்லை. எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்று போப் பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார்.

ஆகவே, எழுதுகிறவர்கள் பிரசங்கத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் விடட்டும். 'இந்த வாரம் உங்கள் ஊரில் என்ன நடந்தது?' என்று ஒரு வரி மட்டும் அங்கே போடட்டும். வாசிக்கிற சாமியார், சனிக்கிழமை மாலை துறைமுகப் பக்கம் ஒரு நடை போய் வரட்டும். விடை அங்கே கிடைக்கும்.

ஏசுநாதர் ராயப்பரைக் கண்டதும் கரையில்தான். வலையும் கையுமாக இருந்தபோதுதான்!